அவள் எண்ணும் நாட்கள்



சமயங்களும் குடும்பச் சட்டங்களும் என்ற இந்தத் தொடரில் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது யூதத் திருமணச் சட்டத்தின் ஒரு சிறு பகுதி. மனைவிக்கு மாதவிடாய் வரும் என்று எதிர்பார்க்கப்படும் பொழுதில், அது வருவதற்கு முன்பே, கணவனும் மனைவியும் உறவிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வந்தபின் விலகுவது பல சமயங்களில் உண்டு. வரக்கூடும் என்பதற்காகவே விலகுவதும், எந்த நாளில், எந்தப் பொழுதில், எதை வைத்து அதைக் கணிப்பது என்று இரண்டாயிரம் ஆண்டாக விவாதித்து எழுதிவைப்பதும் அரிது. கூச்சப்படாமல் கேளுங்கள். பேசத் தகுந்த பொருள் இது.

முதலில் ஒரு தடையை விலக்கிவிடுகிறேன். மாதவிடாய் விலக்கு என்றதும் நம் மனக்கண்ணில் கொல்லைப்புறமும் தனித் தட்டும் தனிப் பாயும் வந்து நிற்கும். நம் பாட்டிமார் பட்டது அது. அந்தப் படத்தோடு ஒரு யூத வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்றும் புரியாது. சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கும் வீட்டில்கூட அந்த நாட்களில் அவள் சமைக்கிறாள், குழந்தைகளைத் தூக்குகிறாள், வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கை ஏற்றி ஆசி சொல்கிறாள், தொழுகிறாள். மறைச்சொற்களுக்குத் தீட்டு ஒட்டாது என்பது தல்மூது என்ற பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் தீர்ப்பு. இடைக்கால ஐரோப்பாவில் சில ஊர்ப் பெண்கள் அந்த நாட்களில் தொழுகைக் கூடத்துக்குப் போகாமலிருந்தார்கள். ஆனால் அது வழக்கம், சட்டமல்ல. எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ரவேல் யூதர்களிடம் ஊருக்கு வெளியே தனிக் குடிசை இருந்தது. 1984லும் 1991லும் விமானங்களில் இஸ்ரேலுக்கு வந்து இறங்கிய அந்தப் பெண்கள் அடுக்குமாடி வீடுகளில் குடிசை இல்லாமல் தவித்தார்கள் என்பது தனிக் கதை. பொதுவான யூத மரபில் விலக்கு என்பது மனைவிக்கும் உலகத்துக்கும் இடையே இல்லை. அவளுக்கும் கணவனுக்கும் இடையே மட்டும்தான்.

இது எப்படி வந்தது? யூத மறையின் லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தில் மாதவிடாய்த் தீட்டு ஏழு நாள் என்று சொல்லப்படுகிறது. அதே அதிகாரத்தில் ஆணின் தீட்டும் இருக்கிறது. பிணத்தைத் தொட்ட தீட்டு, தோல்நோய்த் தீட்டு என்று அன்றைக்கு இருந்தவை பல. எல்லாம் எருசலேம் ஆலயத்துக்குள் நுழையவும் பலியுணவு உண்ணவும் வேண்டிய தகுதியைப் பற்றியவை. கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை இடித்தது. அதன்பின் அந்தத் தூய்மை விதிகளில் பெரும்பாலானவை நடைமுறையிலிருந்து நழுவிப்போயின. இது மட்டும் நின்றது. காரணம், 18ஆம் அதிகாரமும் 20ஆம் அதிகாரமும் இதைத் தகாத உறவுகளின் வரிசையில் வைத்துத் தடைசெய்கின்றன. ஆகவே இன்று இது தீட்டுப் பற்றிய சட்டம் அல்ல, பாலுறவு பற்றிய சட்டம். குற்றம் இருவருக்கும் பொது என்று 20ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. அவள் தீட்டானவள், அவன் தப்பித்தவன் என்ற பிரிவினை அங்கே இல்லை.

எதிர்பார்க்கும் பொழுதில் விலகும் விதிக்கு 15ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு வசனத்தைத் தல்மூது ஆதாரமாகக் காட்டுகிறது. இஸ்ரவேலரை அவர்கள் தீட்டிலிருந்து விலக்கிவையுங்கள் என்ற பொருள்பட வரும் வசனம் அது. விலக்கிவை என்றால் நேர்ந்தபின் அல்ல, நேரும் முன்பே என்று அறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேகம் கறுத்ததைப் பார்த்தவுடனே களத்து நெல்லை அள்ளுகிற மாதிரி. ஆனால் இது மறையே இட்ட கட்டளையா, அறிஞர்கள் வகுத்த வேலியா என்று தல்மூதிலேயே வழக்கு நடக்கிறது. அறிஞர் வகுத்ததே என்ற பக்கம்தான் பெரும்பாலும் நின்றது. இது வெறும் பாடசாலை விவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். மறைக்கட்டளையில் ஐயம் எழுந்தால் கண்டிப்பான பக்கம் சாய வேண்டும். அறிஞர் விதியில் ஐயம் எழுந்தால் தளர்வான பக்கம் சாயலாம். ஒரு தம்பதியின் இரவு எந்தப் பக்கம் போகும் என்பதை இந்த வழக்குத் தீர்மானிக்கிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூலில் இதற்கென்றே நித்தா என்று ஒரு நூற்பகுதி இருக்கிறது. பத்து அதிகாரங்கள். தூய்மை பற்றிய மிஷ்னாவின் பெருந்தொகுதியில் பாபிலோனியத் தல்மூதின் முழு விரிவுரை கிடைத்தது இந்த ஒன்றுக்குத்தான். வாழும் சட்டம் என்பதால் விவாதமும் வாழ்ந்தது. நித்தாவின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் நெருங்கும்போது உடம்பு காட்டும் குறிகளை அங்கே அடுக்கியிருக்கிறார்கள். கொட்டாவி, தும்மல், மேல்வயிற்றில் வலி, அடிவயிற்றில் வலி, ஒருவகைக் கசிவு, காய்ச்சல் வருவதுபோன்ற நடுக்கம். ஆண்கள் உட்கார்ந்து எழுதிய நூல் அது. ஆனால் இந்தப் பட்டியல் ஆண்களின் கற்பனையில் பிறந்திருக்க முடியாது. யாரோ சில பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இன்றைய மருத்துவம் மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறிகள் என்று பெயரிட்டுப் பேசுவதன் ஒரு பழைய வடிவம் அந்த வரிகளுக்குள் இருக்கிறது.

அதே அதிகாரத்தில்தான் மூன்று முறை என்ற விதி வருகிறது. வழக்கமாக 15ஆம் நாள் வருகிறவளுக்கு ஒருமுறை 20ஆம் நாள் வந்துவிட்டது. அடுத்த தடவை 15ஆம் நாளுக்கும் விலக வேண்டும், 20ஆம் நாளுக்கும் விலக வேண்டும். மூன்று முறை தொடர்ந்து 20ஆம் நாளே வந்தால் பழைய நாள் கழிந்தது, புதிய நாள் நிலைத்தது. நிலைத்த வழக்கம் உண்டாக மூன்று முறை. அது கழியவும் மூன்று முறை. நிலைக்காத வழக்கமோ ஒருமுறை தவறினாலே கழிந்துவிடும். உடம்பு ஒரே மாதிரி நடக்காது என்று தெரிந்தே எழுதப்பட்ட சட்டம் இது.

பெரும்பாலான பெண்களுக்கு நிலைத்த வழக்கம் அமைவதில்லை. அவர்களுக்குச் சட்டம் மூன்று கணக்குகளைத் தருகிறது. ஒன்று, இடைவெளி: போன இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே எத்தனை நாளோ, அத்தனை. இரண்டு, யூத மாதத் தேதி: போன மாதம் எந்தத் தேதியோ, இந்த மாதமும் அதே தேதி. மூன்று, பொதுவான இடைவெளியாக வைத்துக்கொள்ளும் 30ஆம் நாள். அது 31ஆம் நாள் என்று சொல்லும் பிற்கால அறிஞரும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருத்திக்கு நிசான் மாதம் 5ஆம் தேதி பகலில் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இடைவெளி, தொடங்கிய இரு நாட்களையும் சேர்த்து எண்ணினால், 27 நாள். நிசானுக்கு 30 நாள். 27ஆம் நாள் அடுத்த மாதமான இய்யாரின் 1ஆம் தேதி. 30ஆம் நாள் இய்யார் 4. அதே தேதி என்றால் இய்யார் 5. ஆக மூன்று நாட்கள். முதல் கணக்குக்கும் தேதிக் கணக்குக்கும் முழு நாளும் வேண்டாம்; பகலில் வந்தது என்பதால் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை போதும். இரவில் வந்திருந்தால் இரவுப் பொழுது. 30ஆம் நாளுக்கு இரவும் பகலுமாக முழுநாள் விலகுகிறவர்கள் பலர். யூத நாள் மாலையில் பிறக்கிறது. அதனால் சூரியன் மறையும் நேரத்தில் கண்டால் அது எந்தத் தேதி, எந்தப் பொழுது என்று கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் வாழ்ந்த ஈசாக் பென் மோசே இன்னும் ஒரு பொழுது முன்னதாகவே விலகச் சொன்னார். அவருடைய நூலின் பெயரால் அது ஓர் சருவா வழக்கம் எனப்படுகிறது. வடக்கு, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த குடும்பங்கள் பல இன்றும் அதைப் பின்பற்றுகின்றன.

அந்தப் பொழுதில் எதெல்லாம் கூடாது? 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூஃக் என்ற சட்டத்தொகுப்பு, உடலுறவு மட்டும்தான் என்கிறது. கலிலேயாவின் சாபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ எழுதியது அது. அணைப்பையும் முத்தத்தையும்கூடத் தவிர்க்கலாம் என்று பின்னால் வந்த சிலர் இறுக்கினார்கள். மாதவிடாய் உண்மையில் வந்துவிட்டாலோ நிலைமை வேறு: தனித்தனிக் கட்டில், கைக்குக் கை ஒரு பொருளையும் கொடுக்காதிருத்தல், பிறகு ஏழு தூய நாட்கள், கடைசியில் மிக்வே என்ற நீர்நிலையில் முழுக்கு. எதிர்பார்க்கும் பொழுதில் அந்த அளவு தூரம் கிடையாது. அவள் தன்னைத் துணியால் சோதித்துப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றும் இல்லையென்றால் பொழுது கழிந்ததும் தடையும் கழிகிறது. கர்ப்பம் மூன்று மாதம் தாண்டியவளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் வருகிறது. கணவன் நெடும்பயணம் கிளம்புகிறான், அன்றைக்கென்று அவள் எதிர்பார்க்கும் பொழுது. என்ன செய்வது? பயணம் போகுமுன் மனைவியோடு கூடியிருப்பது அவன் கடமை, எதிர்பார்க்கும் பொழுதாக இருந்தாலும் சரி என்று தல்மூது ஒரு வழி திறக்கிறது. பிரிவில் அவள் ஏங்குவாள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். காரோவின் நூலுக்குப் போலந்தின் கிராக்கோவிலிருந்து குறிப்பு எழுதிய மோசே இசர்லெஸ் அந்த அனுமதியை ஏற்கிறார். ஏற்றுக்கொண்டு, அன்பான சொற்களோடு நிறுத்திக்கொள்பவனுக்கு ஆசி உண்டு என்று சேர்க்கிறார். தடை நாளிலும் அவளுக்கு ஏதேனும் கொடுத்துவிட்டுப் போ என்கிறது சட்டம். உடலால் கொடுப்பதா சொல்லால் கொடுப்பதா என்பதில்தான் தல்மூதுக்கும் இசர்லெஸுக்கும் வேறுபாடு. இந்த விதிகளைப் பெண்வெறுப்பு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

நான் இன்று வலியுறுத்த வந்த செய்தி இதுதான். இவ்வளவு பெரிய சட்டக் கட்டடம் முழுவதும் ஒருத்தியின் வாய்ச்சொல்லின் மேல் நிற்கிறது. அவள் தனக்காக எண்ணிக்கொள்வாள் என்ற லேவியராகம வசனத்திலிருந்து, அவள் சொல்வதை நம்ப வேண்டும் என்ற விதியைத் தல்மூது எடுக்கிறது. சாட்சி இல்லை, அதிகாரி இல்லை, கணவன் சோதிக்க உரிமை இல்லை. இன்று தடை என்று அவள் சொன்னால் தடை. நாட்கள் முடிந்தன, முழுகிவிட்டேன் என்றால் முடிந்தன. யூத மரபுச் சட்டத்தில் பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படாத வழக்குகள் பல உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். மறையின் மிகக் கடுமையான தடைகளில் ஒன்றை ஒரே ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள்.

கேட்கத் தெரிந்த அறிஞரும் இருந்தார்கள். யூதச் சமய ஆசானான ரபி அக்கிவாவிடம் ஒரு பெண் வந்து துணியில் கறை கண்டேன் என்று முறையிட்டதை மிஷ்னா பதிவுசெய்கிறது. உடம்பில் எங்காவது காயம் இருந்ததா என்று அவர் கேட்டார். இருந்தது, ஆறிவிட்டது என்றாள். மறுபடி கிளறினால் இரத்தம் வருமா என்றார். வரும் என்றாள். தடையில்லை என்று அனுப்பிவிட்டார். அருகிலிருந்த மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கறை விதியை அறிஞர்கள் இறுக்குவதற்காகச் சொல்லவில்லை, தளர்த்துவதற்காகவே சொன்னார்கள் என்று அக்கிவா அவர்களுக்கு விளக்கினார்.

எல்லா நூற்றாண்டும் அக்கிவாவின் நூற்றாண்டாக இல்லை. மறை சொன்ன ஏழு நாள் கணக்கு மெல்ல நீண்டது. கடுகளவு இரத்தம் கண்டாலும் அதன்பின் ஏழு தூய நாட்கள் காத்திருப்பது என்ற வழக்கம் தல்மூதுக் காலத்திலேயே வந்துவிட்டது. பெண்களே தங்கள்மேல் ஏற்றிக்கொண்டது என்று அதை மரபு சொல்கிறது. எண்ணத் தொடங்குமுன் குறைந்தது ஐந்து நாள் கழிய வேண்டும் என்பதை ஐரோப்பிய மரபு பின்னால் சேர்த்தது. எகிப்தில் சில பெண்கள் முழுக்கை விட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டபோது, யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸும் அவருடைய மன்றமும் 1176இல் ஆணை பிறப்பித்தார்கள். முழுகாதவள் திருமணப் பத்திரத்தில் உறுதிசெய்யப்பட்ட தொகையை இழப்பாள் என்றது அந்த ஆணை. நம்பி ஒப்படைத்த கையையே பணத்தைக் காட்டி முறுக்கிய சம்பவம் என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

இந்தச் சுமையின் உச்சம் குழந்தைப்பேற்றில் தெரிகிறது. ஐந்து நாளும் ஏழு நாளும் சேர்ந்தால் பன்னிரண்டு. அதன்பின் வரும் இரவில்தான் முழுக்கு. கருமுட்டை பொதுவாக அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு வெளிப்படுகிறது. 28 நாள் சுழற்சி உள்ளவளுக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். 24 நாள் சுழற்சி உள்ளவளுக்குக் கருமுட்டை பத்தாம் நாளிலேயே வந்து போய்விடும். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவள் வருடக்கணக்கில் கருத்தரிக்காமல், மலடி என்ற நினைப்போடு மருத்துவமனைப் படி ஏறுவாள். சட்டத்தால் வரும் மலட்டுத்தன்மை என்றே இஸ்ரேலில் மருத்துவர்கள் இதைப் பேசுகிறார்கள். கருமுட்டை தள்ளி வெளிப்படும்படி ஹார்மோன் மாத்திரை கொடுப்பது ஒரு வழி. நோயில்லாத உடம்புக்கு ஏன் மருந்து, பின்னால் சேர்ந்த ஐந்து நாளைக் குறையுங்கள் என்று கேட்கும் மருத்துவர்களும் உண்டு. பெரும்பாலான ரபிகள் பொதுவாகக் குறைக்க மறுக்கிறார்கள். தனியாக வந்து கேட்டால் சிலருக்கு வழி சொல்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மருந்தைத் தவிர்த்து நாட்களைக் குறைப்பதே நியாயம். அது அந்தச் சமூகம் எடுக்க வேண்டிய முடிவு.

தனியாக வந்து கேட்டால் என்றேனே, சிக்கலே அங்குதான். கறையின் நிறம் எது என்று ஐயம் வந்தால் அந்தத் துணியை உறையிலிட்டு ஒரு ரபியிடம் அனுப்ப வேண்டும். இருபது வயதுப் புதுமணப்பெண் தன் உடம்பின் கசிவைத் தாடி வைத்த ஓர் ஆணிடம் விவரிக்க வேண்டும். பலர் கேட்பதில்லை. கேட்காமல் தாங்களே தடை என்று வைத்துக்கொண்டு, தேவையில்லாத வாரங்களைப் பிரிந்து கழிக்கிறார்கள். தளர்வுக்காகச் சொல்லப்பட்ட விதிகள் கேட்க ஆளில்லாததால் இறுகிப்போகின்றன.

எருசலேமில் ஹானா ஹென்கின் 1990இல் நிறுவிய நிஷ்மத் என்ற பெண்கள் கல்விக்கூடம் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெண்களுக்கே இந்தச் சட்டத்தை இரண்டு ஆண்டுகள் கற்பித்து, கூடவே மகப்பேறு மருத்துவமும் உளவியலும் கற்பித்து, ஆலோசகர்களாக அனுப்பினார்கள். முதல் அணி 1999இல் வெளிவந்தது. அவர்கள் தங்களை ரபி என்று சொல்லிக்கொள்வதில்லை. தொலைபேசியில் வரும் கேள்விகளைக் கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள், கடினமானவற்றை ரபியிடம் கொண்டுபோகிறார்கள். இதைப் பழமைவாதிகள் எதிர்த்தார்கள். இது போதாது என்று பெண்ணியவாதிகளில் சிலர் குறைபட்டார்கள். ரேச்சல் ஆட்லர் என்ற அமெரிக்க இறையியலாளர் 1970களில் இந்தச் சட்டத்தைப் பெண்களுக்கு இணக்கமாக விளக்கி எழுதிப் புகழ்பெற்றவர். 1990களில் அந்த விளக்கத்தைத் தாமே வெளிப்படையாகக் கைவிட்டார். பெண்களை இழிவுபடுத்தும் அமைப்புக்குத் தாம் அழகு பூசிவிட்டதாக அவர் உணர்ந்தார். அவர் நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும், நாட்களை எண்ணுகிறவளும் பதில் சொல்கிறவளும் பெண்ணாக இருக்கும்போது சட்டத்தின் நடத்தையே மாறுகிறது என்பதற்கு நிஷ்மத் கண்முன் இருக்கும் சான்று.

இந்த அரங்கில் மருத்துவமும் செவிலியமும் படிக்கிற பிள்ளைகள் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ வேலைக்குப் போவீர்கள். அங்கே ஒருநாள் தலையை மூடிய ஒரு யூதப் பெண் வந்து, இந்தக் கருத்தடை மாத்திரையால் இடையில் லேசாக இரத்தம் படுமா என்று கேட்பாள். சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தூய நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது துளி பட்டால் அவள் முதலிலிருந்து ஏழு நாள் எண்ண வேண்டியிருக்கும். கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தபின் இரத்தம் வந்தால், அது கருப்பைக்குள்ளிருந்து வந்ததா, கருவி பட்ட கீறலிலிருந்து வந்ததா என்று நிதானமாகப் பார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதியும் கொடுங்கள். காயத்து இரத்தம் அவளைத் தடைசெய்யாது. மருத்துவரின் அந்த ஒரு வரியை ரபிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். குழந்தை இல்லை என்று வருகிறவளிடம் எந்தச் சோதனைக்கும் எழுதும் முன்பு, சுழற்சி எத்தனை நாள், முழுக்கு எந்த இரவு என்று கேளுங்கள்.